சுங்குவார்சத்திரம் பஸ்ஸில் கேட்ட கேள்வி

எங்கள் வாலாஜாபாத்தைப் பலர் ரயில் ஜன்னல் வழியாகத்தான் பார்த்திருப்பீர்கள். செங்கல்பட்டிலிருந்து காஞ்சிபுரம் போகிற வழியில், பாலாற்றங்கரையில் இருக்கிற ஊர். ஆற்காடு நவாப் வாலாஜாவின் பேரைத் தாங்கியது. ஒரு காலத்தில் வெள்ளைக்காரப் பட்டாளம் முகாமிட்டிருந்த இடம். இப்போது எங்கள் தெருவில் பொழுது விடிவதே கம்பெனி பஸ்ஸின் ஹாரனில்தான். ஒரு பக்கம் ஒரகடம், இன்னொரு பக்கம் ஸ்ரீபெரும்புதூர். ராத்திரி ஷிப்ட் முடித்து வருகிற பிள்ளைகளுக்குக் காலை ஏழு மணிக்கே சோறும் குழம்பும் தயாராக இருக்க வேண்டும்!

என் மாமியாருக்குப் பதினான்கு வருஷமாகச் சர்க்கரை. 2021 ஆகஸ்டில் அரசாங்கம் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. கொண்டு வருகிற பெண் ஒரு நாள், "பாட்டி, கண்ணை எப்போ காட்டினீங்க?" என்று கேட்டாள்.

"கண்ணுக்கு என்னடி? அரிசியில கல்லு பொறுக்கறேனே!" என்றார் மாமியார்.

அதற்காகத்தான் பூந்தமல்லிப் பக்கம் ஒரு கண் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். லீவில் வந்திருந்த மகளும் கூட வந்தாள். நர்ஸிங் இரண்டாம் வருஷம் படிக்கிறாள். சுங்குவார்சத்திரம் வரை ஒரு பஸ், அங்கே பெங்களூர் ரோட்டில் ஏறி அடுத்த பஸ். ஜல்லி லாரிகளுக்குப் பின்னால் எங்கள் பஸ் ஊர்ந்து போனது.

பக்கத்து சீட் அம்மாள் மகளின் படிப்பை விசாரித்துவிட்டு, "கார் கம்பெனியில என் தம்பி செய்த வெல்டிங்கை இப்ப ரோபோ கை செய்யுது. ஆஸ்பத்திரிக்கும் ஏ.ஐ. வருதாமே. நீ படிச்சு முடிக்கிறப்போ வேலை இருக்குமாம்மா?" என்று கேட்டார். கெட்ட எண்ணத்தில் கேட்கவில்லை. ஆனாலும் கடன் வாங்கிப் படிக்க வைக்கிற எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது.

இருங்காட்டுக்கோட்டை தாண்டும் வரை மகள் வாயே திறக்கவில்லை. பிறகுதான் தான் படித்ததைச் சொன்னாள். சர்க்கரை நோய் கண்ணின் உள்திரையில் இருக்கும் மெல்லிய ரத்தக் குழாய்களைக் கெடுக்கும். ஆரம்பத்தில் வலிக்காது, மங்கலும் தெரியாது. திரையைப் படம் எடுத்துப் பார்த்தால்தான் தெரியும். அப்படிப்பட்ட 1,28,000க்கும் மேலான படங்களைக் காட்டிக் கம்ப்யூட்டருக்குப் பழக்கிய ஆராய்ச்சியை கூகுள் 2016ல் வெளியிட்டது. நம் மதுரை அரவிந்த், சென்னை சங்கர நேத்ராலயா ஆஸ்பத்திரிகளின் படங்களும் அந்த ஆராய்ச்சியில் உண்டு. 2019ல் மதுரை அரவிந்திலேயே நோயாளிகளுக்கு இதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள்.

"அப்போ அந்தம்மா சொன்னது சரிதானே?" என்றேன்.

"இரும்மா, தாய்லாந்து கதையைக் கேளு" என்றாள். அங்கே பதினொரு கிளினிக்குகளில் இதே ஏற்பாட்டை நர்ஸுகள் கையில் கொடுத்துப் பார்த்தார்கள். முன்பெல்லாம் படத்தை டாக்டருக்கு அனுப்பிவிட்டுப் பத்து வாரம் வரைகூடக் காத்திருக்க வேண்டுமாம். மிஷின் பத்து நிமிஷத்துக்குள் சொல்லிவிட்டது. ஆனால் ஐந்தில் ஒரு படத்தை, தெளிவில்லை என்று தள்ளியும் விட்டது! பல கிளினிக்குகளில் அறையை இருட்டாக்க வசதியில்லை, இன்டர்நெட்டும் மெதுவு. திரும்பத் திரும்பப் படம் எடுத்ததும், வரிசையில் நின்றவர்களைச் சமாளித்ததும் நர்ஸுகள்தான். 2020ல் வந்த ஆராய்ச்சிக் கட்டுரை இதையெல்லாம் ஒளிக்காமல் எழுதியிருக்கிறது. நர்ஸுகளைக் கேட்காமல் செய்தால் எப்படி வேலை செய்யும் என்றுதான் எனக்குத் தோன்றியது. நம் வீட்டு அடுப்பு மேடையை நம்மைக் கேட்காமல் கட்டுகிறார்களே, அந்த மாதிரி!

ஆஸ்பத்திரியில் சொட்டு மருந்து விட்டு அரை மணிக்கும் மேல் உட்கார வைத்தார்கள். மாமியாருக்குக் கழுத்து நடுக்கம் உண்டு. மோவாயைத் தாங்கியில் வைத்தால் நிற்காது. படமெடுத்த பெண்ணுக்கு இருபது வயசுதான் இருக்கும். "பாட்டி, என் காதைப் பாருங்க. கம்மல் நல்லாருக்கா?" என்றாள். மாமியார் கம்மலைப் பார்த்தார், கழுத்து நின்றது, 'பளிச்'சென்று படம் விழுந்தது. நாலாவது தடவைதான் சரியாக வந்தது. டாக்டர் பார்த்து, இடது கண்ணில் ஆரம்பம், சர்க்கரையைக் கட்டுப்படுத்தி ஆறு மாதத்தில் மறுபடி வாருங்கள் என்றார். அரிசியில் கல் பொறுக்குகிற கண்தான் அது!

வார்டுகளுக்கும் இப்படி ஒன்று வந்திருக்கிறது. பெங்களூர் 'டோஸி' நிறுவனம் மெத்தைக்கு அடியில் விரிக்கிற ஒரு தகடு செய்திருக்கிறது. படுத்திருப்பவரின் நாடியையும் மூச்சையும் அளந்துகொண்டே இருந்து, மாறினால் நர்ஸுக்குத் தகவல் கொடுக்கும். ராத்திரி டியூட்டியில் தனியாக முப்பது கட்டிலைப் பார்க்கிற பெண்ணுக்கு இது பெரிய துணை. ஓடி வந்து பார்க்க வேண்டியவள் அவள்தானே?

வீட்டில் சர்க்கரை உள்ளவர்கள் இருந்தால், பார்வை நன்றாக இருந்தாலும் வருஷம் ஒரு தடவை உள்திரையைக் காட்டிவிடுங்கள். ஏற்கெனவே சர்க்கரை இருந்து கருவுற்ற பெண்கள் முதல் மூன்று மாதத்திலேயே காட்டுவது நல்லது. சொட்டு மருந்து விட்டால் சில மணி நேரம் வெயில் கூசும், எழுத்து தெரியாது. அதனால் கறுப்புக் கண்ணாடியும், பஸ்ஸில் கை பிடிக்க ஒரு ஆளும் வேண்டும். சர்க்கரைக்காரர்களுக்குப் பசி தாங்காதே, கையில் இரண்டு இட்லியும் கட்டிக்கொண்டு போங்கள்.