பீலியில் வந்த வெள்ளைத் தண்ணீர்

 

போன ஹஜ்ஜுப் பெருநாளுக்கு முதல் வாரம் நாங்கள் வீட்டுக்குப் பெயின்ட் அடித்தோம். ஜூன் மாதத்தில் நோர்வூட் பக்கம் எப்படி இருக்கும் என்று இங்குள்ளவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை. மழை, பனிமூட்டம், குளிர். ஜன்னல்களைச் சாத்திக்கொண்டுதான் வேலை செய்தோம்.

கதவில் இருந்தது பல வருடத்துப் பழைய பச்சை எனாமல். அதை சேண்ட் பேப்பரால் காய்ந்தபடியே தேய்த்தோம். தரையெல்லாம் பச்சைத் தூள். எங்கள் இளையவள் அந்தத் தூளில் விரலால் தன் பெயரை எழுதிக்கொண்டிருந்தாள். எழுத்து அழகாக வருகிறதே என்று சந்தோஷப்பட்டோம். அந்த விரல் பிறகு வாய்க்குப் போனதா என்று பார்க்கவில்லை. இரவு தின்னர் வாடை நிறைந்த அதே அறையில்தான் பிள்ளைகளைப் படுக்க வைத்தோம். விடிய எல்லோருக்கும் தலைவலி. சுவருக்கு அடித்த இமல்ஷன் பிரஷ்களையும் வாளியையும் பின்னால் ஓடும் ஓடையில் கழுவினோம்.

திங்கட்கிழமை வகுப்பில் கீழ் லயத்துப் பிள்ளை ஒன்று சொன்னது: "டீச்சர், நேத்து எங்க பீலியில வெள்ளத் தண்ணி வந்துச்சு. அம்மா புடிக்க வேணாம்னு சொல்லிட்டாங்க."

சுத்தத்தைப் பற்றிப் பாடம் நடத்துகிற எங்களுக்கு அன்று பேச்சு வரவில்லை.

அதன் பிறகுதான் தேடி வாசித்தோம். பழைய எனாமலில் நிறம் பளிச்சென்று இருக்கவும் சீக்கிரம் காயவும் ஈயச் சேர்மங்களைக் கலப்பது வழக்கம். நம் நாட்டில் சுற்றாடல் நீதிக்கான நிலையம் இதற்காக உயர் நீதிமன்றம் வரை போனது. 2011 இல் வர்த்தமானி வெளியாகி, 2013 ஜனவரி 1 முதல் பெயின்டில் இருக்கக்கூடிய ஈயத்துக்கு எல்லை வந்தது. இமல்ஷனுக்குப் பத்து இலட்சத்தில் 90 பங்கு, எனாமலுக்கு 600 பங்கு. உலக சுகாதார நிறுவனம் எல்லாப் பெயின்டுக்கும் 90 பங்கைத்தான் சொல்கிறது. ஆனால் சட்டம் வந்ததால் நம் கதவில் ஏற்கெனவே ஒட்டியிருக்கும் பூச்சு மாறிவிடாது. புது டின்னைவிடப் பழைய பூச்சின் தூள்தான் பயப்பட வேண்டியது.

வயிற்றுக்குள் போகும் ஈயத்தைச் சிறு பிள்ளையின் உடல் பெரியவரைவிட நான்கைந்து மடங்கு உறிஞ்சும். இரும்புச் சத்துக் குறைந்த பிள்ளை என்றால் இன்னும் கூடும். பாதிக்கப்படுவது மூளை, படிப்பும் கவனமும் குறையும். பாதுகாப்பான அளவு என்று ஒன்று கிடையாது. வகுப்பில் பின்தங்கும் பிள்ளையை "கவனமில்லை" என்று ஏசுகிற நாங்கள் இதை யோசித்ததே இல்லை.

இந்த முறை நோன்புக்கு முதல், ஜனவரி வெயிலில் வேலையை வைத்துக்கொண்டோம். ஜன்னல்களைத் திறந்து வைத்தோம். பிள்ளைகளை இரண்டு நாள் உம்மா வீட்டுக்கு அனுப்பினோம். எப்போது அடித்தது என்று தெரியாத பூச்சு எல்லாவற்றையும் ஈயம் உள்ளதாகவே எடுத்துக்கொண்டோம். நல்லாய் ஒட்டியிருந்த இடத்தைச் சுரண்டவே இல்லை. உரிந்த இடத்தை மட்டும் தண்ணீர் தெளித்து ஈரமாகத் தேய்த்தோம். நெருப்புக் காட்டி உரிக்கவே கூடாது. ஈயம் புகையாக வரும். தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தோம். சாதாரணத் துணி முகக்கவசம் இந்தத் தூளுக்குப் போதாது.

பிரஷை முதலில் பழைய பேப்பரில் துடைத்து, பிறகு வாளியில் கழுவி, அந்தத் தண்ணீரை மரத்தூளில் ஊற்றிக் காயவிட்டோம். பாவித்த தின்னரை மூடிய போத்தலில் தெளிய வைத்தால் மேலே இருப்பதைத் திரும்பப் பாவிக்கலாம். தயவுசெய்து சோடாப் போத்தலில் மட்டும் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளைகள் எடுத்துக் குடித்துவிடும்.

எங்கள் ஓடை கெசல்கமு ஓயாவில் சேர்ந்து காசல்ரீ நீர்த்தேக்கத்துக்குப் போகிறது. அங்கிருந்து களனி கங்கை. அம்பத்தலையில் அதே தண்ணீரை எடுத்துத்தான் கொழும்புக்குக் குடிக்கக் கொடுக்கிறார்கள். ஆனால் எங்களுக்கு அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை. கீழ் லயத்துப் பீலி போதும்.

பெருநாளோ தீபாவளியோ, வீட்டை அழகாக்குவது நல்ல விஷயம்தான். கடையில் டின்னை வாங்கும்போது ஈயம் சேர்க்காததா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். வேலை முடிந்ததும் பிரஷோடு ஓடைப் பக்கம் போகாதீர்கள்.

அந்தப் பிள்ளையிடம் தண்ணீரைப் பற்றிப் போன வாரம் திரும்பக் கேட்டோம். "இப்ப நல்லா இருக்கு டீச்சர்" என்றது. அன்று வெள்ளைத் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்பதையும் அதனிடம் சொல்லிவிட்டோம்.