பார்த்து, அன்புகூர்ந்து, பிறகு

தியானப் பகுதி: மாற்கு 10:17–22



ஊழியர் கூட்டம் ஒன்றிற்காகத் தென்கொரியாவின் சியோல் நகருக்குச் சென்றிருந்தபோது, ஒரு மாலைப்பொழுது எனக்கு ஓய்வாகக் கிடைத்தது. சுரங்க ரயிலில் மியோங்டாங் நிலையத்தில் இறங்கி, கால்போன போக்கில் நடந்தேன்.

மாலை வேளையில் அந்தத் தெருக்கள் வாலிபர்களால் நிறைந்துவிடுகின்றன. இருபுறமும் அழகுசாதனக் கடைகள். முகப்பூச்சு மாதிரிகளைக் கையில் கொடுத்து வாசலிலேயே அழைக்கிறார்கள். நடுவே தள்ளுவண்டிகளின் வரிசை. சிவந்த காரக் குழம்பில் அரிசிமாவுத் துண்டுகள் கொதிக்கும் டொக்பொக்கி; உள்ளே சர்க்கரைப் பாகு உருகும் ஹொட்டொக். கடைக்குக் கடை வேறு வேறு பாட்டு. நீலமும் இளஞ்சிவப்புமாகச் சாயமேற்றிய தலைமுடி; ஆண்பிள்ளைகளின் காதுகளிலும் தோடு.

உள்ளதைச் சொல்லுகிறேன். அரை மணி நேரத்துக்குள் என் மனம் ஒரு பிரசங்கத்தை ஆயத்தம் செய்துவிட்டது. மாயை, வீண் அலங்காரம், வழிதவறும் தலைமுறை என்று மூன்று தலைப்புகளும் அமைந்துவிட்டன.

தெருமுனையில் அதே பிரசங்கத்தை வேறொருவர் செய்துகொண்டிருந்தார். கையில் ஒலிபெருக்கி, தோளில், பரலோகத்தையும் நரகத்தையும் பற்றி ஆங்கிலத்திலும் எழுதிய பலகை. அவருடைய வைராக்கியத்தை நான் இகழவில்லை. ஆனால் அவர் ஒருவருடைய முகத்தையும் பார்க்கவில்லை. ஆற்று நீர் பாறையைச் சுற்றி ஓடுவதுபோல, பிள்ளைகள் அவரை விலகிப் போய்க்கொண்டிருந்தார்கள். அவரிடத்தில் நான் என்னையே கண்டேன்.

முன்பு நான் ஊழியம் செய்த ஒரு சபையில், ஒரு வாலிபன் தலைமுடிக்குச் சாயமேற்றிக்கொண்டு ஞாயிறு ஆராதனைக்கு வந்தான். இது தேவனுடைய வீடு, தெருவல்ல என்று வாசலிலேயே, பலர் கேட்க, அவனைக் கடிந்துகொண்டேன். அவன் பதில் பேசவில்லை. மறுவாரம் வரவில்லை, அதன் பிறகும் வரவில்லை. அந்நாட்களில் அவன் தகப்பனார் வேலையிழந்திருந்தார் என்பதும், வீட்டில் சமாதானமே இல்லை என்பதும் வெகுநாள் கழித்தே எனக்குத் தெரியவந்தன.

அந்த நினைவோடு மேடான சாலையில் ஏறினேன். கடைவீதியை ஒட்டிய மேட்டில் மியோங்டாங் பேராலயம் நிற்கிறது. 1898-இல் கட்டி முடிக்கப்பட்ட, செங்கல்லாலான கத்தோலிக்க ஆலயம் அது. 1987 ஜனவரியில் பார்க் ஜொங்-சொல் என்னும் பல்கலைக்கழக மாணவர் காவல்துறை விசாரணையில் சித்திரவதைக்குள்ளாகி இறந்தார். ஜூன் மாதம் ஆட்சியை எதிர்த்துப் போராடிய மாணவர்கள் இந்த ஆலய வளாகத்தில் அடைக்கலம் புகுந்தார்கள். அவர்களைப் பிடிக்க அரசு முனைந்தபோது, முதலில் தம்மையும், பிறகு குருக்களையும், பிறகு கன்னியரையும் கடந்துதான் மாணவர்களிடம் போக முடியும் என்று கர்தினால் கிம் சூ-ஹ்வான் சொல்லிவிட்டார். காவலர் உள்ளே நுழையவில்லை. மாணவர்கள் சில நாட்களில் பத்திரமாக வெளியேறினார்கள். அதே மாதம் 29-ஆம் தேதி, அதிபரை மக்களே நேரடியாகத் தேர்ந்தெடுக்கும் உரிமைக்கு ஆளுங்கட்சி இணங்கியது.

ஆலயத்தின் பின்வரிசையில் அமர்ந்தேன். எனக்கு முன்னே, இளஞ்சிவப்புத் தலைமுடியோடு ஒரு பெண்பிள்ளை, கடைப் பைகளைக் காலடியில் வைத்துவிட்டு முழங்காலில் நின்றாள். என் மூன்று தலைப்புகளில் எதிலும் அவளுக்கு இடமில்லை.

ஆண்டவருக்கு முன்பாக ஓடிவந்து முழங்காற்படியிட்ட ஐசுவரியவானை அப்போது நினைத்தேன். அவன் வாலிபன் என்று மத்தேயு எழுதுகிறார். ஆண்டவர் அவனுக்குக் கடினமான வார்த்தையையே சொன்னார். அவனுடைய குறையை மூடி மறைக்கவில்லை. ஆயினும் அதற்கு முன் நடந்த ஒன்றை மாற்கு மட்டுமே எழுதி வைத்திருக்கிறார். இயேசு அவனைப் பார்த்தார், அவனிடத்தில் அன்புகூர்ந்தார். மூலமொழியில் அது கூர்ந்து நோக்குதலைக் குறிக்கும் சொல். பார்வை, அன்பு, அதன் பிறகே வார்த்தை. நானோ வார்த்தையில் தொடங்கி வார்த்தையிலேயே முடித்துவிட்டேன்.

அந்த வாலிபன் அப்படியும் துக்கத்தோடே போனான். ஆனால் அன்பு கிடைக்காமல் போனான் என்று எவரும் சொல்ல முடியாது. என்னை விட்டுப் போன பிள்ளையைக் குறித்து அப்படிச் சொல்ல எனக்கு வாயில்லை.

ஊர் திரும்பியபின் அவனுடைய எண்ணைத் தேடிப் பேசினேன். இப்போது வேறோர் ஊரில் வேலையில் இருக்கிறான். மன்னிப்புக் கேட்டேன். சற்று மௌனத்துக்குப் பின், "பரவாயில்லை, ஐயரே" என்றான். ஆலயத்துக்குப் போகிறாயா என்று கேட்க நா எழுந்தது, அடக்கிக்கொண்டேன். அம்மா சுகமாயிருக்கிறார்களா என்று கேட்டேன். அதன் பிறகு அவன் நெடுநேரம் பேசினான்.

பிரியமானவர்களே, வருகிற ஞாயிறு நம் ஆலயத்தின் கடைசி வரிசையில் அமரும் பிள்ளைகளில் ஒருவரிடமாவது பெயர் கேளுங்கள். வீட்டாரின் நலம் விசாரியுங்கள். உடையையும் முடியையும் பற்றிய புத்திமதி அன்றைக்கு வேண்டாம்.

ஜெபம்: ஆண்டவரே, நீர் பார்க்கிறபடி பார்க்க எங்கள் கண்களைத் திறந்தருளும். எங்கள் வார்த்தையால் தூரமாய்ப் போன பிள்ளைகளிடத்தில் நாங்களே முதலில் போக எங்களுக்குத் தாழ்மையைத் தாரும். ஆமென்.