வைஸ்

அப்பாவின் இடதுகைக் கட்டைவிரல் முழுசாக மடங்காது. பட்டறையில் வேலை செய்த காலத்தில், கையால் பிடித்துத் துளையிட்ட இரும்புத் தகடு சுழன்று வெட்டிவிட்டது. வேலையிலிருந்து நின்ற பிறகும் கிள்ளான் வீட்டு கார் போர்ச்சில் பழைய டிரில் பிரஸ் ஒன்றை வைத்துக்கொண்டு அதேபோலத்தான் பிடிக்கிறார்.

ஓட்டை விழும் கணம்தான் ஆபத்தானது. டிரில் பிட் அடிப்பக்கத்தை உடைத்து வெளியேறும்போது, மிச்சமிருக்கும் மெல்லிய விளிம்பில் மாட்டிக்கொள்ளும். மோட்டாரின் விசை மொத்தமும் தகட்டைச் சுழற்றும். அப்பாவுக்கு இது என்னைவிட நன்றாகத் தெரியும். கேட்டால், "முப்பது வருசம் இப்படித்தானே புடிச்சேன்" என்பார்.

கடையில் வைஸ் வாங்கித் தந்தால் பெட்டியைக்கூடப் பிரிக்கமாட்டார். நானே செய்ய முடிவெடுத்தேன். 10 மில்லிமீட்டர் அடித்தகடு, பட்டை இரும்பில் இரண்டு தாடைகள், எம்12 திருகுக் கம்பி. ஒரு சுற்றுக்கு 1.75 மில்லிமீட்டர்தான் நகரும். ஆனால் இறுக்கினால் தானாகத் தளராது.

முன்பக்கம் சுத்தமாக இருக்கட்டும் என்று, நகராத தாடையைப் பின்பக்கம் மட்டும் வெல்டு செய்தேன். ஆறியதும் மூலைமட்டத்தை வைத்துப் பார்த்தால், மேலே வெளிச்சம் தெரிந்தது. தாடை பின்னால் சாய்ந்திருந்தது.

அப்பா காப்பிக் குவளையோடு வந்து பார்த்தார். "வெல்டு இழுத்துருச்சு தம்பி."

உருகிய இரும்பு ஆறும்போது சுருங்கும் என்று பரீட்சையில் எழுதித் தேறியவன் நான்.

கிரைண்டரால் வெல்டை வெட்டியெடுத்தார். இம்முறை தாடையை இம்மியளவு முன்னால் சாய்த்து நிறுத்தினார்.

"கோணலா இருக்கேப்பா?"

"இருக்கட்டும். ஆறும்போது நிமிந்துக்கும்."

எவ்வளவு சாய்க்கணும் என்று கேட்டேன். யோசித்துப் பார்த்துவிட்டு, "பாத்தா தெரியும்" என்றார். காத்திருந்தோம். மூலைமட்டத்தின் ஓரத்தில் வெளிச்சம் இல்லை.

திருகு முனையில் சின்ன உருண்டைக் குமிழ் ஒன்றை மாட்டிக் கொடுத்தேன். மறுநாள் போனால், குமிழ் அறுபட்டுக் கிடந்தது. அந்த இடத்தில் ஒரு சாண் கம்பியைக் குறுக்கே பற்றவைத்திருந்தார். திருகு இடப்பக்கம் வருவதால் இடக்கையால்தான் திருக வேண்டும். மடங்காத விரலால் குமிழைப் பற்ற முடியாது. கம்பியென்றால் உள்ளங்கையால் தள்ளினால் போதும். அவர் கைக்காகச் செய்த சாமானில் அந்தக் கையை நான் யோசிக்கவே இல்லை.

இப்போது பெரிய ஓட்டைகளுக்கு வைஸை இறுக்குகிறார். சின்னதுக்கு இன்னமும் கைதான். டிரில் சத்தம் கேட்டால் நான் ஜன்னல் வழியே எட்டிப் பார்க்கிறேன்.