ஜப்பானியத் தொடர்: முதலில் எதைக் காட்டுவது?

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பர். அயல்நாட்டுக் கலையைப் பிறர்க்கு அறிமுகம் செய்வோரை இப்பழமொழி சற்றே அச்சுறுத்தும். முதலில் எடுத்த பருக்கை வாய்க்கு ஒவ்வாததாயின், பானையையே ஒதுக்கிவிடுவோர் பலர் அன்றோ?

நான் வாழும் நெய்வேலி நகரியத்தில், தமிழ்க் குரல் கொடுக்கப்பெற்ற கொரியத் தொடர்களைக் கண்டு பழகிய இல்லங்கள் பல. ஜப்பானியத் தொடர்களை அறிந்தோரோ மிகச் சிலர். எனக்கு அவற்றில் ஈடுபாடு உண்டென அறிந்தவர்கள், "முதலில் எதைப் பார்க்கலாம்?" என்று வினவுவதுண்டு. எளிய வினாவே. ஆயினும் கேட்பவர் யார் என்பதை அறியாமல் இதற்கு விடை கூற இயலாது என்பதே என் துணிபு.

சுரங்கத்தில் இரவு ஷிப்டு பார்த்து ஓய்வு பெற்ற நண்பர் ஒருவருக்கு 'நள்ளிரவு உணவகம்' என்னும் தொடரைப் பரிந்துரைத்தேன். அபே யாரோ வரைந்த படக்கதையைத் தழுவி 2009ஆம் ஆண்டு வெளிவந்தது அது. டோக்கியோவின் ஒரு சந்தில், நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குத் திறந்து காலை ஏழு மணிக்கு மூடும் சிறு உணவகமே கதைக்களம். ஊர் உறங்கும் வேளையில் விழித்திருந்து உழைப்போரின் தனிமை அதில் பேசப்படுகிறது. அரை மணி நேரத்திற்குள் ஒரு கதை முடிந்துவிடும். நண்பர் மிகவும் மகிழ்ந்தார். ஆனால் அதையே எங்கள் இல்லத்துப் பெரியவர்களின் முன் வைக்க என் மனம் ஒப்பவில்லை. அவ்வுணவகத்தின் எழுதிவைத்த பட்டியலில் உள்ளவை பன்றி இறைச்சிக் குழம்பும் மது வகைகளுமே. கதை எத்துணை உயர்ந்ததாயினும், விருந்தினரின் வழக்கம் அறிந்து இலை போடுவதன்றோ பண்பாடு?

கல்லூரி மாணவர்க்கு 2005ஆம் ஆண்டின் 'ஒரு லிட்டர் கண்ணீர்' ஏற்றது. நரம்பு மண்டலத்தைச் சிறுகச் சிறுகச் சிதைக்கும் நோய்க்கு ஆளாகி, 1988இல் தம் இருபத்தைந்தாம் வயதில் மறைந்த கிதோ ஆயா என்னும் பெண் எழுதிய நாட்குறிப்பே அதன் மூலம். பதினொரு பகுதிகளில் நிறைவுறும். படிக்கும் பருவத்தின் அருமையை அது உணர்த்தும். எனினும், நோயுற்றோர் உள்ள வீட்டில் அதை முதலில் காட்டுதல் தகாது.

அவ்வாறாயின், முதியோரும் இளையோரும் ஒருங்கே அமர்ந்து காணத்தக்கது எது? என் விடை 'ஓஷின்'. ஹஷிதா சுகாகோ அம்மையார் எழுதி, ஜப்பானின் என்.எச்.கே. நிறுவனம் 1983 ஏப்ரல் முதல் 1984 மார்ச் வரை ஒளிபரப்பிய தொடர் அது. பகுதிக்குப் பதினைந்து நிமிடங்களாக மொத்தம் 297 பகுதிகள். விளைச்சலில் பெரும்பங்கைக் குத்தகையாக அளந்துவிட்டு, முள்ளங்கி கலந்த சோற்றை உண்டு வாழும் ஏழைக் குடும்பத்தில் பிறந்தவள் ஓஷின். ஏழாம் வயதில், ஒரு மூட்டை அரிசிக்கு ஈடாக, ஓராண்டு வேலைக்கு அனுப்பப்படுகிறாள். மொகாமி ஆற்றில் தெப்பத்தில் ஏறி அவள் தன் பெற்றோரைப் பிரியும் காட்சிக்கு மொழிபெயர்ப்பே தேவையில்லை.

இதை என் பெரியம்மாவுக்குக் காட்டினேன். சுரங்கத்திற்காக எடுக்கப்பட்ட சிற்றூர் ஒன்றில் பிறந்தவர் அவர். குர்ஆன் ஓதுவார்; பள்ளிக்கூடம் சென்று தமிழ் எழுத்துப் பயின்றதில்லை. திரையின் அடியில் வரும் ஆங்கில வரிகளை நான் தமிழில் சொல்லச் சொல்ல அவர் கேட்டிருந்தார். வேலைக்குச் சென்ற இடத்தில் ஓஷின், முதலாளி வீட்டுக் குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்தின் வெளியே நின்று பாடம் கேட்கும் காட்சி வந்தது. பெரியம்மா, "கொஞ்சம் நிறுத்து தம்பி" என்றார். பின்பு சொன்னார்: "நானும் தம்பிய இடுப்புல வச்சிக்கிட்டு, செவுத்துக்கு அந்தாண்ட நின்னுதான் வாய்ப்பாடு கேட்டேன். ஏழாம் வாய்ப்பாடு வரைக்கும் இப்பவும் தெரியும்."

அருகில் கைப்பேசியுடன் அமர்ந்திருந்த அவருடைய பேத்தி தலை நிமிர்ந்தாள். பொறியியல் பயில்பவள் அவள். தன் பாட்டி பள்ளிச் சுவருக்கு வெளியே நின்றதை அன்றுவரை அவள் அறியாள். "அந்தப் பள்ளிக்கூடம் எங்கே இருக்கிறது? என்னை அழைத்துச் செல்லுங்கள்" என்று கேட்டாள். பெரியம்மா சுரங்கம் இருக்கும் திசை நோக்கிக் கை காட்டினார். அப்பள்ளி நின்ற இடம் இன்று பழுப்பு நிலக்கரி வெட்டிய ஆழமான பள்ளம். அன்று இரவு தொடரின் அடுத்த பகுதியை நாங்கள் பார்க்கவில்லை. பெரியம்மா ஏழாம் வாய்ப்பாட்டை முழுவதும் சொல்லி முடித்தார், பேத்தி கேட்டுக்கொண்டிருந்தாள்.

இத்தகைய அனுபவம் எங்கள் இல்லத்திற்கு மட்டும் உரியதன்று. ஓஷின் 60க்கும் மேற்பட்ட நாடுகளில் ஒளிபரப்பாயிற்று. எகிப்திலும் இந்தோனேசியாவிலும் இலங்கையிலும் மக்கள் அவளைத் தம் வீட்டுப் பிள்ளையாகவே கருதினர். ஈரானில், பழைய ஆடை விற்கும் கடைகளுக்கே ஓஷினின் புகுந்த வீட்டுப் பெயரான 'தனோகுரா' வழக்கில் வந்துவிட்டது. வறுமையும் போரும் கண்ட மக்கள், பெயரும் உடையும் வேறாயினும், தம் கதையை அங்கே கண்டனர்.

ஜப்பான் செல்வச் செழிப்பில் திளைத்த காலத்தில் எழுதப்பெற்ற கதை இது என்பதும் எண்ணத்தக்கது. பல அங்காடிகளுக்கு உரிமையான குடும்பத்தின் மூதாட்டியாகிய ஓஷின், புதிய அங்காடியின் திறப்பு நாளன்று சொல்லாமல் புறப்பட்டுத் தான் நடந்துவந்த பாதையைத் தேடிப் போவதுதான் தொடரின் தொடக்கம். அவளுடன் செல்பவன் ஓர் இளம் பேரன். நிலையான ஊதியமும் நல்ல சாலைகளும் நிழல்தரும் மரங்களும் பெற்ற நம் நகரியத்து இளைஞர்க்கும் அத்தகைய பயணம் ஒன்று கடமையாகக் காத்திருக்கிறது.

ஆகவே, அறிமுகம் செய்ய விரும்பும் நண்பர்களுக்கு நான் கூறுவது இதுவே. புகழ்பெற்றது எது என்று தேடாதீர்கள். பார்ப்பவரின் வாழ்வில் எந்த வாசல் திறந்திருக்கிறது என்று நோக்குங்கள். ஓஷினின் சிறுவயதைக் கூறும் முதல் 36 பகுதிகளை மட்டும் முதலில் காட்டுங்கள். ஒன்பது மணி நேரமே ஆகும். படிக்க இயலாத பெரியோர்க்கு அருகிருந்து தமிழில் சொல்லுங்கள். அவர்கள் "நிறுத்து" என்றால் உடனே நிறுத்திவிடுங்கள். அப்போது அவர்கள் சொல்லத் தொடங்கும் கதையை எந்த நாட்டுத் தொலைக்காட்சியும் நமக்குத் தராது.