வாயில் கை வைத்தது யார்?

பாலசமுத்திரம் மாதிரி ஊரில் கால்நடை மருத்துவர் என்றால் முதலில் மாட்டு டாக்டர்தான். கறவை மாடு, வெள்ளாடு, கோழி என்று வரிசை போகும். நாயும் பூனையும் கடைசியில். பாலாறு பொருந்தலாறு அணைப் பக்கத்துத் தோப்புகளில் நாய் காவலுக்கு, பூனை எலிக்கு என்றுதான் இருந்தது. இப்போது இரண்டும் வீட்டுக்குள் வந்துவிட்டன. நமக்கு ஆகிற மருந்தெல்லாம் அவற்றுக்கும் ஆகும் என்ற எண்ணமும் கூடவே வந்துவிட்டது.

வாயில்லா ஜீவன் என்று இரக்கப்படுவார்கள். வாயுள்ளவர் ஒருவர்தானே அதைத் தூக்கிக்கொண்டு வருகிறார்! என் வேலையில் பாதி அவரை விசாரிப்பதுதான். என்ன தின்றது, எங்கே படுத்தது, ஒன்றுக்குப் போனதா என்றால் பதில் தாராளமாக வரும். "ஏதாவது மருந்து கொடுத்தீங்களா?" என்றால் மட்டும் "ஒண்ணும் கொடுக்கலைங்க சார்" என்பார்கள். ஆகவே அப்படிக் கேட்பதை விட்டுவிட்டேன். "மாத்திரை பாதி கொடுத்தீங்களா, முழுசா கொடுத்தீங்களா?" என்று கேட்பேன். "பாதிதாங்க" என்று சட்டென்று வந்துவிடும்.

அந்தப் பாதி பாரசிட்டமாலாக இருந்து, பூனைக்குப் போயிருந்தால் எனக்கு வயிறு கலங்கும். பாரசிட்டமாலைச் சிதைத்து வெளியேற்றத் தேவையான நொதி பூனையின் கல்லீரலில் மிகக் குறைவு. 500 மில்லிகிராம் மாத்திரையில் பாதி என்றாலே 3 கிலோ பூனையைக் கொல்லப் போதும். உதட்டைத் தூக்கிப் பார்த்தால் இளஞ்சிவப்பாக இருக்க வேண்டிய ஈறு சாக்லேட் நிறத்தில் இருக்கும். முகமும் பாதமும் வீங்கியிருக்கும், மூச்சு வாங்கும். ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தியை இழந்துவிட்டது என்று அர்த்தம். அசிட்டைல்சிஸ்டீன் என்ற முறிவு மருந்து உண்டு. மாத்திரை கொடுத்து எத்தனை மணி நேரம் ஆயிற்று என்பதைப் பொறுத்துத்தான் அதற்கு வேலை. தொட்டால் சுடுகிறது, காய்ச்சல் என்று நினைத்துத்தான் கொடுத்திருப்பார்கள். பூனைக்கு 101, 102 டிகிரி ஃபாரன்ஹீட் இயல்பான சூடு. நம் கைக்கு அது எப்போதும் சுடத்தான் செய்யும்.

என்னை அதிகம் பயமுறுத்துவது வேறொரு வாக்கியம். "தொண்டையில எலும்பு சிக்கிக்குச்சுங்க சார்." நாய் வாயை மூட முடியாமல் நிற்கும். கீழ்த்தாடை தொங்கும், எச்சில் ஒழுகும், குரைத்தால் குரல் வேறு மாதிரி இருக்கும், தண்ணீரை முகர்ந்துவிட்டு விழுங்க முடியாமல் விலகும். எலும்பு சிக்கிய நாயும் ஏறக்குறைய இப்படித்தான் நிற்கும். எலும்பு சிக்கிய நாய் முன்காலால் வாயை விறாண்டிக்கொண்டே இருக்கும் என்று பாடத்தில் உண்டு. அதை நம்பி நான் வெறுங்கையை உள்ளே விடமாட்டேன். வெறிநோய் என்றால் சங்கிலியை அறுத்துக்கொண்டு கண்டவரைக் கடிக்கும் என்றுதான் ஊரில் நினைக்கிறார்கள். சாதுவாக, தாடை செயலிழந்து மூலையில் ஒடுங்குவதும் வெறிநோய்தான். அந்த நாய் யாரையும் கடித்திருக்காது. ஆனால் பாசமுள்ள வீட்டில் எலும்பை எடுக்க யாராவது வாய்க்குள் விரலை விட்டுத் துழாவியிருப்பார்கள்.

அதனால் நாயைத் தொடுவதற்கு முன் ஒன்றைக் கேட்டுவிடுவேன்: வாயில் கை வைத்தது யார் யார்? கையில் கீறல் இருந்ததா? சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவச் சொல்லி, நேராக அரசு மருத்துவமனைக்கு அனுப்புவேன். "தொப்புளைச் சுத்திப் பதினாலு ஊசிங்களா?" என்று பெரியவர்கள் இன்னமும் தயங்குகிறார்கள். அந்தக் காலம் போய் 20 வருஷமாகிறது. இப்போது அரசு மருத்துவமனைகளில் 0, 3, 7, 28 ஆகிய நாட்களில் தோலுக்குள் ஊசி போடுகிறார்கள். வெறிநாய்க்கடி சிகிச்சைக்காக 1907-லேயே குன்னூரில் பாஸ்டர் நிலையம் தொடங்கிய மாநிலம் இது. நோய் முற்றிய பிறகு நாய்க்கும் வைத்தியம் இல்லை, மனிதருக்கும் இல்லை. நாய்க்கு மூன்று மாதத்தில் ஒரு ஊசி, பிறகு வருடா வருடம் ஒன்று. இதில் பேரம் பேசுகிறவர்களிடம் எனக்குப் பொறுமை குறைவு.

நாய்க்குட்டிகளை வாரிக்கொண்டு போவது பார்வோ வைரஸ். வாந்தி, நாற்றமெடுக்கும் ரத்தபேதி. "ஒரு ஊசி போட்டாச்சுங்களே சார்" என்பார்கள். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புச் சக்தி குட்டியின் ரத்தத்தில் இருக்கும்வரை தடுப்பூசியை அது வேலை செய்ய விடாது. ஒவ்வொரு குட்டிக்கும் அது வடிகிற நாள் வேறு. 6, 8 வாரத்தில் தொடங்கி 16 வாரம் வரை திரும்பத் திரும்பப் போடச் சொல்வது இதற்காகத்தான், வசூலுக்காக அல்ல. செத்த குட்டி கிடந்த இடத்தில் பினாயில் ஊற்றிவிட்டு அடுத்த மாதமே புதுக்குட்டி வாங்கிவிடுகிறார்கள். பினாயிலுக்கு அந்த வைரஸ் அசையாது. சிமெண்ட் தரை என்றால் பிளீச்சிங் பவுடர் கரைசல் கேட்கும். மண் வாசல் என்றால் மாதக்கணக்கில் அங்கேயே கிடக்கும்.

உண்ணிக்கும் இதே கதை. நாய் மேல் இருப்பதைப் பிடுங்கிப் போடுவார்கள். மிச்சம் சுவர் விரிசலிலும் கட்டில் சட்டத்திலும் முட்டையும் குஞ்சுமாக இருக்கும். சொறிக்கு வண்டியின் கழிவு ஆயிலைப் பூசுகிற பழக்கம் இந்தப் பக்கம் இன்னும் ஒழியவில்லை. நாய் அதை நக்காமல் இருக்குமா?

கடுவன் பூனை மண்ணைப் பறித்துப் பறித்து முக்கினால் மலச்சிக்கல் என்று விளக்கெண்ணெய் ஊற்றிக் கொண்டுவருகிறார்கள். பல நேரம் அடைத்திருப்பது மூத்திரக் குழாய். இரண்டு நாள் தள்ளினால் உயிர் தங்காது. "ஒண்ணுக்குப் போனதைக் கண்ணால பார்த்தீங்களா?" என்றால் தூக்கி வந்த பையன் விழிப்பான். வண்டி ஓட்டத் தெரிந்தவன் என்று அவனை அனுப்பியிருப்பார்கள். சோறு வைப்பது வேறு ஆள். "வீட்டுல இதுக்குச் சோறு வைக்கிறது யாருப்பா?"

"அப்பத்தாங்க சார்."

"போனைப் போட்டு அப்பத்தாகிட்ட குடு."