விளிம்பில் அடிக்காத பெயின்ட்

என் மாடல் ரயில் மேடையில் எம்டிஎஃப் பலகை ஊதிப்போனதற்குச் சென்னையின் ஈரக்காற்றைத்தான் எல்லாரிடமும் குற்றம் சொல்லிவந்தேன். அது பொய். பலகையைக் கெடுத்தது நான்.

மரநாரைப் பிசினோடு கலந்து, சூட்டிலும் அழுத்தத்திலும் நசுக்கிச் செய்வது எம்டிஎஃப். மேல்பக்கமும் கீழ்ப்பக்கமும் இறுகியிருக்கும். நடுப்பகுதி அவ்வளவு நெருக்கமாக இருக்காது. பலகையை அறுத்தால் அந்த நடுப்பகுதி விளிம்பில் வெளியே தெரியும். தண்ணீர் புகுவது அங்கேதான். நசுங்கிக் கிடந்த நார்கள் ஈரம் பட்டதும் நிமிர்ந்துகொள்ளும். காய்ந்த பிறகும் பழைய கனத்துக்கு முழுக்கத் திரும்பாது. அதனால் அறுத்த விளிம்பு, ஸ்க்ரூ துளை எல்லாவற்றிலும் வார்னிஷோ பெயின்டோ அடித்த பிறகே தண்டவாளம் பதிக்க வேண்டும். இதை நான் புதியவர்களுக்குச் சொல்லியும் கொடுத்திருக்கிறேன்.

என் மேடையில் செய்யவில்லை. விளிம்பெல்லாம் மலைக்கும் புல்லுக்கும் அடியில் மறையப்போகிறது, யார் பார்க்கப்போகிறார்கள் என்று மேல்பக்கத்துக்கு மட்டும் பெயின்ட் அடித்தேன். சோம்பேறித்தனம், வேறொன்றுமில்லை.

தண்ணீரை ஊற்றியதும் நானே. ஜல்லி ஒட்டுவதற்கு ஃபெவிகாலைத் தண்ணீரில் கரைத்து, அதில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விடுவோம். சோப்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால் கரைசல் இண்டு இடுக்கெல்லாம் இறங்கும். பலகைகள் சேரும் இடத்தில் விளிம்புக்குள்ளும் இறங்கியது. அங்கே மேடு தட்டிவிட்டது. என்னுடையது எச்ஓ மாடல், அளவு 1:87. தண்டவாள இடைவெளியே 16.5 மி.மீ.தான். அதில் 1 மி.மீ. மேடு என்பது நிஜப் பாதையில் ஏறக்குறைய 9 செ.மீ. பெட்டிகள் அங்கே தடம்புரளத் தொடங்கின. வெளியே ஐப்பசி மழை பெய்துகொண்டிருந்தது எனக்கு வசதியாகப் போயிற்று.

அதோடு நிறுத்தியிருக்கலாம். கடைக்காரர் மட்டமான சரக்கைத் தலையில் கட்டிவிட்டார் என்றும் நண்பர்களிடம் சொன்னேன். உண்மையில் அவர், உள்பகுதி பச்சையாக இருக்கும் ஈரம் தாங்கும் ரகத்தைத்தான் எடுத்துக் காட்டினார். அதுவும் காற்றிலுள்ள ஈரத்துக்குத்தான் ஈடுகொடுக்கும், தண்ணீர் தேங்கினால் தாங்காது, விளிம்பை மூடிவிடுங்கள் என்றார். விலையைக் கேட்டுவிட்டுச் சாதாரண ரகத்தை வாங்கிவந்தவன் நான்.

ஊதிய இடத்தை வெட்டியெடுத்து பிளைவுட் வைத்தாயிற்று, எல்லா விளிம்பிலும் வார்னிஷ் அடித்து. நண்பர்களிடமும் நடந்ததைச் சொல்லிவிட்டேன். கடைக்காரரிடம் சொல்லத்தான் இன்னும் வாய் வரவில்லை. பிளைவுட்டை வேறு கடையில் வாங்கினேன்.