கூதிர்காலத்தில் ஒரு கொரங்காடு

மேலைநாட்டார் இலையுதிர்காலத்தைப் பற்றி எழுதும்போது, சிவந்து பழுத்து உதிரும் இலைகளையே முதலில் குறிப்பிடுவர். நமது கொங்கு நாட்டிலோ அதே பருவத்தில்தான் மரங்கள் தளிர்க்கின்றன. ஐப்பசி, கார்த்திகை என்னும் இரு திங்களையும் கூதிர்காலம் என நம் முன்னோர் வகுத்தனர். கோடையில் வெந்து, ஆடிக்காற்றில் புழுதியாய்ப் பறந்த மண்ணுக்கு மறுவாழ்வு கிடைக்கும் காலம் அது.

காங்கேயம், தாராபுரம் வட்டாரங்களில் கொரங்காடு என்றொரு நிலவகை உண்டு. உழவு நிலமன்று, கிணற்றுப் பாசனமும் இல்லை. சுற்றிலும் கிளுவை முள்வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், இடையிடையே வெள்வேல மரங்கள், இவ்வளவே. மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவில் உள்ள இப்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 600 மில்லிமீட்டர் மழையே பெய்கிறது. அதிலும் பெரும்பகுதி வடகிழக்குப் பருவத்தில் வருவது. இந்தச் சிறு மழையைக்கொண்டே காங்கேயம் காளைகளை வளர்த்தெடுத்தவர்கள் நம் பெரியோர்.

நம் தந்தையார் மறைந்தபின், அவர் விட்டுச்சென்ற 3 கொரங்காடுகளையும் விற்றுவிடலாம் என்ற பேச்சு குடும்பத்தில் எழுந்தது. அயலூரில் வாழும் உடன்பிறந்தோர், “சும்மா கிடக்கிற நிலந்தானே?” என்றனர். அவர்களைக் குறை கூறுவதற்கில்லை. பிள்ளைகளின் படிப்பும் திருமணமும் அவர்கள் முன் நிற்கின்றன. ஆயினும், கையெழுத்திடுமுன் அந்நிலம் உண்மையில் சும்மாதான் கிடக்கிறதா என்று பார்த்துவிட எண்ணினோம். ஐப்பசி முழுவதும் அங்கேயே தங்கினோம்.

முதல் மழை பெய்த மறுநாளே தம்பலப்பூச்சிகள் வெளிவந்தன. ஆண்டின் பெரும்பகுதியை மண்ணுக்குள் கழிக்கும் அச்சிற்றுயிர்கள், செம்பட்டுத் துணுக்குகள்போல் ஈரத்தரையில் ஊர்ந்தன. மாலையில் ஈசல் புறப்பட்டது. ஒரு வாரத்திற்குள், காய்ந்த குச்சியாய் நின்ற கிளுவை வேலி பச்சை கட்டியது. போத்து நட்டே வளர்க்கப்படும் அவ்வேலியைப் பற்றிக்கொண்டு செங்காந்தள் படர்ந்திருந்தது. அதன் 6 இதழ்களும் முதலில் பசுமையாய் விரிந்து, மஞ்சளாகி, நாட்கள் செல்லச் செல்ல முழுச் சிவப்பாய் மாறுவதை ஒரே கொடியிலே கண்டோம். நமது மாநில மலராகிய இது கிழங்கு முதல் விதைவரை நஞ்சு. மருந்துக்காக இதனைப் பயிரிடுவோரும் இவ்வட்டாரத்தில் உண்டு. வெள்வேல மரங்கள் வெளிர்மஞ்சள் பூவுடன் நின்றன. அவற்றின் மெல்லிய நிழல் புல்லை வாட்டுவதில்லை. பின்னர்க் காய்க்கும் காய்களோ ஆடு மாடுகளுக்குத் தீனி.

புல் முளைத்ததும் மாடுகளை உள்ளே விடலாமே என்றோம். பல்லாண்டுகளாக மேய்ப்பவராய் இருக்கும் முதியவர் படலைச் சாத்திவிட்டார். “இப்ப உடாதீங்க. புல்லு பூத்து விதை சிந்தட்டுமுங்க. அப்புறம் பாருங்க” என்றார். ஒரு காட்டை மேய்த்து மற்றொன்றுக்கு ஓய்வு கொடுப்பதே இந்த ஏற்பாட்டின் உயிர்நாடி. சும்மா கிடப்பதாக நாம் நினைக்கும் நாட்களிலேதான் அடுத்த ஆண்டுக்குரிய விதை மண்ணில் விழுகிறது.

தென்புறக் காட்டில் பசுக்கள் மேய்ந்தன. செந்நிறமாய்ப் பிறந்து, 6 மாத அளவில் மயிலை நிறத்திற்கு மாறும் கன்றுகள் அவற்றைத் தொடர்ந்தன. அவற்றின் காலடியில் கிளம்பும் வெட்டுக்கிளிகளுக்காக உண்ணிக்கொக்குகள் உடன் நடக்க, கரிச்சான் ஒன்று பசுவின் முதுகிலேயே அமர்ந்து பயணம் செய்தது. வேலியடியில் கௌதாரிகள் குரல் கொடுத்தன. ஒரு மாலைப் பொழுதில் பூனைப்பருந்து ஒன்று புல்லின் நுனியை உரசுவதுபோல் தாழப் பறந்து வந்தது. கஜகஸ்தான் போன்ற நாடுகளின் புல்வெளிகளிலிருந்து குளிர்காலத்தைக் கழிக்க நம் நாட்டுக்கு வரும் இனம் அது. மரத்தில் உறங்காது, புல்லிடையே தரையில்தான் இரவைக் கழிக்கும். புல்வெளி சுருங்கினால் அதற்கு வேறு போக்கிடம் இல்லை.

வானமும் அங்கே ஒரு பாடம் சொல்லிற்று. ஆடியில் பாலக்காட்டுக் கணவாய்க் காற்று முகில்களைக் கிழக்கே விரட்டிச் செல்லும். அவை இங்கே நின்று பெய்வது அரிது. ஐப்பசியில் காற்று திசை மாறிக் கீழ்வானிலிருந்து முகில்களைக் கொண்டுவருகிறது. மழை கழுவிய இரவுகளில் விண்மீன்கள் தெளிவாய்த் தெரிந்தன. மாத இறுதியில், பொழுது சாய்ந்து சிறிது நேரத்தில் கார்த்திகை மீன்கூட்டம் கிழக்கே எழுந்தது. அதன் பின்னே செம்மை படர்ந்த ரோகிணி. இரவு வளர, வரிசையாய் நிற்கும் மூன்று மீன்களோடு மிருகசீரிடம். மேற்கே மட்டும் மீன்கள் மங்கலாகவே இருந்தன. சென்ற ஆண்டுவரை கொரங்காடாய் இருந்து இப்போது மனைப்பிரிவாகிவிட்ட நிலத்தின் விளக்குகள் அங்கே எரிகின்றன. அங்கு முதல் நாளில் பிடுங்கப்பட்டது கிளுவை வேலிதான் என்று மேய்ப்பவர் கூறினார்.

தீபாவளிக்குப் பின் உடன்பிறந்தோர் கூடியபோது, கண்டவற்றையெல்லாம் கூறினோம். எல்லாருடைய மனமும் மாறிவிட்டது என்று எழுத ஆசைதான். ஆனால் அப்படி நடக்கவில்லை. சாலையோரத்து வடகாடு விற்கப்படும் என்றே முடிவாயிற்று. எஞ்சிய இரண்டிற்கும் ஈடாக, கிணறுள்ள தோட்டத்தில் நமக்குரிய பங்கை விட்டுக்கொடுக்க இசைந்தோம். கணக்கறிந்த உறவினர் இதனை நட்டம் என்கின்றனர். பணக்கணக்கில் அது மெய்யே.

இத்தகைய நிலம் இன்னும் கைவசமுள்ள குடும்பங்கள் நம்மிடையே பல உண்டு. விற்பதும் வைத்திருப்பதும் அவரவர் நிலையைப் பொறுத்தது. ஆயினும் முடிவெடுக்குமுன், பிள்ளைகளை அழைத்துக்கொண்டு ஐப்பசி மழைக்குப்பின் சில நாட்களேனும் அங்கே தங்கிப் பாருங்கள். நிலத்தின் விலையைக் கோடையிலும் கேட்டறியலாம். அதில் வாழ்வன எவையென்று அறியக் கூதிர்காலத்தில்தான் போகவேண்டும்.